பத்து நாற்பதுக்குப் போட்ட கையெழுத்து

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என் ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது, மழைக்கு வீடு ஒழுகவில்லை, ஆக எல்லோரும் நலம் என்றே வைத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற ஏழு மாதக்காரரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் பொய் எழுதக் கூடாது. இன்னொரு வேண்டுதலும் இருக்கிறது. ஒரு ஆள் தலைகுனிந்து நிற்பதை நான் கண்ணால் பார்க்க வேண்டும். கால் வீங்கினாலோ தலைவலி விடாமல் இருந்தாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, உப்பைக் குறை, இடது பக்கமாகப் படு. இதையெல்லாம் முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அப்புறம் எழுதப் போவது வேறு விஷயம், அதில் இறங்கினால் எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ, "விடும்மா, இன்னும் ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப்போற, அந்த ஆளோட எதுக்கு மல்லுக்கட்டற"ன்னு கேட்டாய். நான் உம் கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் அப்பா பேப்பர் படிப்பது மாதிரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவர் முன்னால் பேசக்கூடிய விஷயம் இல்லை இது. தவிர உனக்கு நான் பாதிதான் சொல்லியிருந்தேன். வேலையில் கொஞ்சம் தகராறு, சிக் ரூம் நர்ஸ் வேலையிலிருந்து யூனிபார்ம் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும்தான். முழுதையும் கேள், அப்புறம் விடச் சொல்வாயா பார்க்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிர்வாக மேலாளர் வந்தாரே, நாங்கள் எல்லோரும் இஸ்திரி என்று கூப்பிடுகிற ஆள், சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் அர்ச்சனை. அவர் வந்தது முதல் எல்லாம் பார்வைக்கு அழகாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பில் நாலு பிள்ளைகளுக்குச் சின்னம்மை வந்தபோது பெற்றோருக்கு அனுப்ப நான் ஒரு எச்சரிக்கை எழுதிக் கொடுத்தேன், என்ன அறிகுறி, எத்தனை நாள் வீட்டில் வைக்க வேண்டும், கர்ப்பிணிகள் யாரைப் பார்க்க வேண்டும் என்று. அது அவர் மேஜையைத் தாண்டி வெளியே போனபோது, பருவநிலை மாற்றத்தால் சில மாணவர்கள் விடுப்பில் இருக்கிறார்கள், நிறைய தண்ணீர் குடிக்கவும் என்று ஆகியிருந்தது. புது அட்மிஷன் நேரமாம், அம்மை என்ற வார்த்தையே வரக் கூடாதாம். பத்தே நாளில் பத்தொன்பது பிள்ளைகள் படுத்தார்கள். மூன்றாம் வகுப்பு டீச்சர் அப்போது மூன்று மாதம், என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கே அந்த ஆள்மேல் வயிறு எரிய ஆரம்பித்தது.

அடுத்து மருந்து அலமாரி. கடலை, முட்டை மாதிரி ஏதாவது ஒத்துக்கொள்ளாத குழந்தைக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தால் தொடையில் குத்த வேண்டிய ஊசி இரண்டு எப்போதும் என் மேஜைக்கு மேலே கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்கும். பத்தொன்பது வருஷமாக அப்படித்தான். பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் பார்க்க வருகிற பெற்றோர் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று இஸ்திரி அதை எடுத்துப்போய்த் தன் அறையில் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இரண்டும் அவர் பையில். நான் மூன்று தடவை எழுத்து மூலமாகக் கேட்டேன், ஆபத்து நேரத்தில் நான் சாவிக்கு எங்கே போவேன் என்று. மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். நகல் எடுத்து வைத்துக்கொள்ளாதது என் மடத்தனம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று, ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பதால் நான் அவளுக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன், தோழி கொடுத்த கடலை பிஸ்கட்டைத் தின்றுவிட்டாள். ஆயா தூக்கிக்கொண்டு வரும்போதே உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, மூச்சு விசிலடிக்கிறது. இஸ்திரி யாரோ விருந்தாளியை அழைத்து வர விமான நிலையம் போயிருந்தார், போன் அணைத்து வைத்திருந்தது, அறை பூட்டு. அந்த வாயாடி ஒரு வார்த்தை பேசாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள் பார், அதை மட்டும் என்னால் மறக்க முடியாது. நடையில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைப் பிடுங்கி அறைக் கதவின் கண்ணாடியை உடைத்தேன், உள்ளே போய் அலமாரியை உடைத்தேன், கையில் ரத்தம் ஒழுக ஒழுக வந்து ஊசியைக் குத்தினேன். பிழைத்துவிட்டாள். ஆம்புலன்ஸில் ஏறும்போதே, "எனக்கு எதுக்கு ஊசி போட்டீங்க"ன்னு கேட்டுவிட்டாள். சமையல் செய்யும்போது கண்ணாடி டம்ளர் உடைந்தது என்று உன்னிடம் சொன்னேனே, உள்ளங்கையில் மூன்று தையல், அது இதுதான்.

இதற்கு எனக்கு மாலை போட வேண்டாம். ஆனால் அந்த ஆள் என்ன எழுதினார் தெரியுமா? அவசர மருந்தைத் தயாராக வைத்திருப்பது நர்ஸின் பொறுப்பு, அவர் அதைச் செய்யாததால் தாமதம் ஏற்பட்டது, பதற்றத்தில் பள்ளிச் சொத்தையும் சேதப்படுத்தினார். என் மூன்று கடிதமும் அப்படி ஒன்று வரவே இல்லை என்று ஆகிவிட்டது. அந்தக் குழந்தையின் அம்மாவிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அவள் இப்போது கேட்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். என் கையால் உயிர் பிழைத்த பிள்ளையின் தாய், நான்தான் அவள் பிள்ளையைக் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறாள். என்னை யூனிபார்ம் ஸ்டோரில் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, சட்டைப் பெட்டிகள், ஒரு ஸ்டூல். போன வாரம் கேள்விக்குறி பெல்ட் வாங்க வந்தாள், என்னைப் பார்த்ததும், "என்னைக் காப்பாத்தினதுக்கா மிஸ் உங்களை இங்க அனுப்பிட்டாங்க"ன்னு கேட்டாள். பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

இப்போது வேடிக்கையைக் கேள். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஒரு குழு வருகிறது. குழு வந்தால் எங்கள் ஊழியர்களுக்கு முதல் வேலை எல்லாப் பதிவேடுகளுக்கும் பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டுவது. ஸ்டோரில் நான் சும்மாதானே இருக்கிறேன் என்று இஸ்திரியே ஒரு பெட்டி நிறைய என்னிடம் அனுப்பிவைத்தார். தானே அனுப்பினார், நான் திருடவில்லை, அதைக் குறித்துக்கொள். அதில் ஒன்று அவசரகால ஒத்திகைப் பதிவேடு. இரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரே ஒரு ஒத்திகை செய்தோம், அதுவும் போட்டோ எடுக்க. பதிவேட்டில் பன்னிரண்டு இருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே மை, ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியது. எல்லாவற்றிலும் என் கையெழுத்தையும் அவரே போட்டிருக்கிறார், என் முதல் எழுத்துக்கு ஒரு வால் கூடுதலாக. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். புதன்கிழமை, தேதியைப் பார்த்தால் உன் கல்யாணத் தேதி. பத்தரைக்கு அபாய மணி அடித்ததாம், பத்து நாற்பதுக்கு நர்ஸ் ஸ்ட்ரெச்சருடன் மைதானத்துக்கு வந்து சேர்ந்தாராம்.

பத்து நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். பதிவாளர் அலுவலகத்தில் அந்த ஆடுகிற மேஜையில் குனிந்து உனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள் என்று அந்த குமாஸ்தா சொன்னார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். அந்தச் சான்றிதழின் முத்திரை வைத்த நகல்தான் எனக்கு வேண்டும். இங்கே பதிவாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டுவிட்டேன், தம்பதியில் ஒருவர் கேட்டால்தான் தருவார்களாம். அன்றைக்கு ஒத்திகையே நடக்கவில்லை என்று நான் வெறும் வாயால் சொன்னால், தண்டனை பெற்றவள் வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பார்கள், மற்ற எல்லோரும் வேலைக்குப் பயந்து நடந்தது என்று தலையாட்டுவார்கள். அரசாங்க முத்திரை பயப்படாது.

நேற்று இஸ்திரி தானே ஸ்டோருக்கு வந்தார், இந்த மூன்று மாதத்தில் முதல் தடவை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களைக் குழு தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்குமாம். "ஆமா, நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர், மறுநாளே உங்க ரூம் உங்களுக்கு"ன்னு குழைந்தார். நான் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன சார், கேட்டா சொல்லிட்டாப் போச்சு"ன்னு சொன்னேன். அவர் போன பிறகு அந்தப் பதிவேட்டுக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் அட்டை போட்டு, என் அழகான கையெழுத்தில் லேபிள் எழுதி ஒட்டினேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஆசையாக எந்த வேலையும் செய்ததில்லை. குழந்தைகளின் நன்மைக்காக என்று சொல்லி உன்னிடம் நல்லவள் வேஷம் போட மாட்டேன். அந்த ஊசி இன்னும் புதுக் கண்ணாடிக்குப் பின்னால் பூட்டித்தான் இருக்கிறது, அது வெளியே வர வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்த ஆள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அந்தக் குழந்தையின் அம்மா அதைக் கேள்விப்பட வேண்டும்.

இனிமேல்தான் கஷ்டமான இடம். அந்த ஆள் முட்டாள் இல்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து, எல்லோரும் வந்திருந்த நாட்களாகப் பொறுக்கித்தான் ஒத்திகை எழுதியிருக்கிறார். அன்றைக்கு நானும் வந்ததாகக் கையெழுத்து இருக்கிறது. அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்ற நேரம் அது. தினமும் போல் அவரே என்னை வண்டியில் கேட்டில் இறக்கிவிட்டார், நான் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டு, ஆயாவிடம் மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின் கேட் வழியாக ஓடி வந்தேன். உன்னிடம் லீவு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன், அது பொய். லீவு விண்ணப்பத்தில் காரணம் எழுத வேண்டுமே, மகள் கல்யாணம் என்று எழுதினால் நாலு பேர் நாலு கேள்வி கேட்பார்கள் என்று கூச்சப்பட்டேன். இரண்டரை மணி நேரம் எண்ணூறு பிள்ளைகளுக்கு அந்த அறையில் நர்ஸ் இல்லை. அந்த நேரத்தில் ஒரு கேள்விக்குறி விசிலடித்துக்கொண்டு வந்திருந்தால் நான் யார்? என் தப்பை நான் யார் தலையிலும் கட்டவில்லை என்பது ஒன்றுதான் எனக்கும் அந்த ஆளுக்கும் வித்தியாசம். அதனால் சான்றிதழை மேஜையில் வைத்த நிமிஷமே என் கதையும் முடிந்தது, ஏழு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. முடியட்டும். விழுவதென்றால் அந்த இஸ்திரிச் சட்டையைப் பிடித்துக்கொண்டே விழுகிறேன்.

அப்பாவுக்கும் தெரிந்துவிடும். நீ உண்டாகியிருக்கிறாய் என்று கேட்டது முதல் மனிதர், "நாம ரெண்டு பேருமே போகாம இருந்துட்டோமே, பெத்தவங்க யாருமில்லாம நின்னிருக்குமே பிள்ளை"ன்னு சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுகிறேன். வெளியாட்கள் சொல்லி அவர் கேட்கக் கூடாது, குழு வருவதற்கு முந்தின வாரம் நானே சொல்லிவிடுவேன். கத்துவார், இரண்டு நாள் சாப்பிட மாட்டார். அப்புறம் நீ அன்றைக்கு என்ன நிறச் சேலை கட்டியிருந்தாய் என்று என்னிடம் கேட்பார் பார்.

சான்றிதழ் உங்களுடையது, ஆகவே மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேள். இரண்டு பேரும் சரி என்றால் மட்டும் அனுப்புங்கள். அனுப்புவதானால் போட்டோ போதாது, முத்திரை வைத்த நகலைக் கூரியரில், பதினெட்டாம் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேருகிற மாதிரி, பள்ளிக்கூட முகவரிக்கு இல்லை, வீட்டு முகவரிக்கு. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, தாயும் பிள்ளையுமாக நூறு வருஷம் இருங்கள். உன் பிள்ளைக்கு என்னென்ன ஒத்துக்கொள்ளாது என்று தெரிகிற வரைக்கும் எதைக் கொடுத்தாலும் கொஞ்சமாகக் கொடுத்துப் பார். பத்து நாற்பதுக்கு எங்கே இருந்தீர்கள் என்று குழு என்னைக் கேட்கும். என் மகள் கல்யாணத்தில் இருந்தேன் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்லப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட
அம்மா