கம்பியைத் தளர்த்தியது யார்?

மார்ச் 24, திங்கள்
இணையத்தில் வாங்கிய மலிவுக் கிற்றார் வந்தது. பெட்டியில் இரண்டு தடவை நாடா ஒட்டியிருக்கிறது. யாரோ திருப்பி அனுப்பியதை என் தலையில் கட்டிவிட்டார்களா? கம்பிகள் உயரத்தில் நிற்கின்றன. அழுத்தினால் விரல் நோகிறது. உயிர்த்த ஞாயிறன்று எங்கள் கீரி ஊர்க் கோயிலில் நான் வாசிக்க, சிநேகிதி நிறஞ்சலா பாடுவதாகப் பங்குச் சுவாமியிடம் ஒப்புக்கொண்டாயிற்று. "ஒருத்தரும் தொடாதையுங்கோ" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் கணவர் அம்புறோஸ் நிமிரவேயில்லை.

மார்ச் 27
வீடியோ பார்த்துப் பார்த்து, கம்பி தாங்கும் வெள்ளைத் துண்டைக் கழற்றி சாண்ட்பேப்பரில் தேய்த்தேன். கிற்றாரின் கழுத்துக்குள் ஓடும் இரும்பையும் திருகிச் சரிசெய்தேன். சுருதி கூட்டினேன். இனிய சத்தம்!

மார்ச் 28
காலையில் ஆறு கம்பியும் தளர்ந்து கிடக்கின்றன. புதுக் கம்பி இழுபடும்தான். இவ்வளவா?

ஏப்ரல் 3
ஒரு கிழமையாகத் தினமும் இதே கதை. கம்பி தளரத் தளரக் கழுத்தும் நிலைகொள்ளாது. நேற்றுக் கம்பி முறுக்கும் திருகுகளில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இன்று கோடுகள் விலகியிருந்தன. அப்படியானால் யாரோ திருப்புகிறார்கள்.
தபசுகாலப் பூசைக்கு விடிய என்னைக் கூட்டிப்போக வருகிறவள் நிறஞ்சலா. நான் உடுத்தும் வரை முன்னறையில் கிற்றாரோடு தனியே இருக்கிறாள். அவள் கை சும்மா இராது, கதைத்தபடியே கம்பிகளைத் தடவுவாள். போன வருசம் வாசித்தது அவள் தம்பி டிலோஜன். விளங்குகிறது.

ஏப்ரல் 5
கேட்டேனா, கத்தினேனா?
"உன்ர தம்பி வாசிக்கவேணுமெண்டா நேர சொல்லு. ஏன்டி கம்பியைத் தளர்த்துறாய்?"
"றஞ்சி, சும்மா தடவிறனான்தான். திருகைத் தொடேல்ல, மாதாவாணை."
நான் நம்பவில்லை.

ஏப்ரல் 6
அவள் வரவில்லை. வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஏப்ரல் 7
இன்றும் வரவில்லை. ஆனாலும் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன.

ஏப்ரல் 8
விடியப்புறம் எழும்பி வந்தால் — கடலுக்கு வெளிக்கிட்ட இவர், கிற்றாரை மடியில் வைத்து ஒவ்வொரு திருகாகத் தளர்த்துகிறார்! அவ்வளவு கவனமாக.
"என்ன செய்யிறியள்?"
"கயிறை இறுக்கினபடி விடக்கூடாது, வத்துப்பெருக்குக்குத் தண்ணி ஏறி இறங்கேக்க அறும். வள்ளத்தையே தளர்த்தித்தானே கட்டுறனாங்கள்."
"ஏன் சொல்லேல்ல?"
"தொடாதையுங்கோ எண்டனீ, சொன்னா ஏசுவாய். பிறகு நீயும் ஒவ்வொரு நாளும் முறுக்கினாய். நீ முறுக்கிறதும் நான் தளர்த்துறதும்தான் முறை எண்டு நினைச்சன்."
சிரிப்பதா? ஐயோ, அவளிடம் நான் என்னவெல்லாம் கதைத்துவிட்டேன்!

ஏப்ரல் 9
நிறஞ்சலா வீட்டுக்குப் போய் எல்லாம் சொன்னேன். வெட்கத்தில் செத்தேன். அவள் சிரித்தாள். "அம்புறோஸ் அண்ணை எண்டா செய்வார்தான். விடு, றஞ்சி." தேத்தண்ணி தந்தாள். பாடுவாளாம்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு
இவர் கை படாததால் ஒரு கம்பியும் அசையவில்லை. வாசிப்பு நன்றாக இருந்தது என்றார் சுவாமி. நிறஞ்சலா என் பக்கத்தில் நின்றுதான் பாடினாள். பாட்டு முடியும் வரை இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தாள்.