பெயர் எழுதாத வெள்ளை ஒயின்

அக்கா,

இன்று காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. வெள்ளைத் திராட்சைச் சாறு நொதிக்கத் தொடங்கிய சில நாளில் வருமே, பேரிக்காயை அரிந்து வைத்துவிட்டு மறந்துபோன மாதிரி, அந்த வாசனை. வாசலிலேயே நின்றுவிட்டேன். வழக்கமாக இந்த இடத்தில் நீங்கள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே போவீர்கள். பீப்பாயின் அடைப்பை எடுத்துவிட்டு மூக்கை வைப்பீர்கள். யாரோ உங்களை ஏமாற்றிவிட்ட முகத்தோடு நிமிர்ந்து, "இது அது இல்லத்தா" என்பீர்கள்.

இந்த வருடம் அதைச் சொல்ல ஆள் இல்லை. ஒருவழியாக விட்டது என்று நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எரிச்சலாகத்தான் வருகிறது. போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அந்தப் பக்குவம் இன்னும் வரவில்லை.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள், தம்பியைக் கட்டிக்கொண்டு நான் வந்தேன். கலிபோர்னியாவில், சாண்டா கிளாராவில் சிப் கம்பெனி வேலை பார்த்த இரண்டு பேரும் 1990இல் இந்த மலைச்சரிவை வாங்கினார்கள். வாங்கியபின் திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸுக்குப் போய்விட்டார்கள். மண்ணும் மானும் கொடிவேரைத் தின்கிற பெருச்சாளியும் நம் இருவருக்கும் வந்து சேர்ந்தன. நீங்கள் மேலே அந்தத் தகரக்கூரை வீட்டில் குடியேறினீர்கள். நான் கீழே சன்னிவேலிலிருந்து தினமும் மலை ஏறினேன்.

சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் நன்றாக விற்கிற ரகங்களான ஷார்டொனே போடு, கேபர்நே போடு என்றார்கள். நீங்கள் கேட்கவில்லை. மலையை வாங்குவதற்கு முந்தைய வருடம் அத்தானைக் கம்பெனி ஆறு மாதம் பிரான்சில் கிரனோபிளுக்கு அனுப்பியிருந்தது. நீங்களும் கூடப் போயிருந்தீர்கள். ரோன் ஆற்றங்கரை மலைகளில் விளைகிற ரகங்கள்தான் வேண்டும் என்று அங்கிருந்தே தீர்மானித்து வந்திருந்தீர்கள். வெயில் படும் சரிவில் சிரா, கிரனாஷ் என்ற இரண்டு கறுப்புத் திராட்சை. மூடுபனி தங்குகிற வடக்குச் சரிவில் ரூசான் என்ற வெள்ளைத் திராட்சை. கம்பத்தில் உங்கள் அப்பாவுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் இருந்ததால் இது உங்கள் ரத்தத்திலேயே ஊறியது என்று அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். உங்களுக்கு அது பிடிக்காது. "பந்தலுக்கடியில தலை இடிக்காம குனிஞ்சு போனதுதான் எனக்கு ஞாபகம்" என்பீர்கள். நீங்கள் கற்றதெல்லாம் கம்யூனிட்டி காலேஜ் மாலை வகுப்பில்தான். நைட்டியின் மேல் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு பாடம் படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கோயிலில் ஒரு ஆன்ட்டி, "சாராயம் காய்ச்சறீங்களாமே?" என்று பிரசாத வரிசையில் வைத்தே கேட்டார். எனக்குக் கூசிப்போயிற்று. நீங்கள் தட்டை நீட்டியபடியே, "ஆமா ஆன்ட்டி, லைசென்ஸ் வாங்கித்தான் காய்ச்சறோம்" என்றீர்கள். அன்று உங்களை எனக்கு மிகவும் பிடித்தது. இதையும் எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த மடல் முழுக்கப் புகாராகவே போய்விடும்.

1994இல் வடக்குச் சரிவு முதல்முறை உருப்படியாகக் காய்த்தது. அந்த ஒயினை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினீர்கள். அன்றுதான் அந்த வாக்கியத்தை முதலில் சொன்னீர்கள். நாற்றுப்பண்ணைக்காரன் வேறு எதையோ தலையில் கட்டிவிட்டான் என்றீர்கள். ரூசான் பழுத்தால் தோல் துருப்பிடித்த நிறத்துக்கு வரவேண்டும், இது கடைசிவரை பச்சையாகவே நிற்கிறது என்று ஒரு கொத்தைப் பறித்துவந்து என் கண்முன் ஆட்டினீர்கள். பண்ணைக்கு போன் பண்ணிச் சண்டை போட்டீர்கள். நாங்கள் கொடுத்தது சரியான ரகம்தான் என்று அவர்கள் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். மூடுபனியில் நிறம் ஏறாது என்று நானும் சொன்னேன். உங்கள் ஆசிரியரும் அதையே சொன்னார். நீங்கள் யாரையும் நம்பவில்லை.

சரி, நம்பாமல் இருந்துவிட்டுப் போங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் அதோடு நிற்கவில்லை. புட்டியின் லேபிளில் ரூசான் என்று போடமாட்டேன் என்றீர்கள். வெறும் 'மலைச்சரிவு வெள்ளை' என்று அச்சடித்தோம். பெயர் இல்லாத ஒயினை யார் வாங்குவார்கள்? பிக்னிக் வந்தவர்கள் வெயிலுக்குக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை சான்பிரான்சிஸ்கோவிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஒரு பெரிய ரெஸ்டாரண்டுக்கு ஒயின் வாங்குகிறவள். நம் வெள்ளையை இரண்டாவது முறை ஊற்றச் சொல்லிக் குடித்தாள். இது ரூசான்தானே, இந்தப் பக்கத்தில் யாரும் போடுவதில்லையே, இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்கிறேன், வருடாவருடம் எனக்கே தாருங்கள், மெனுவில் போட லேபிளில் பெயர் மட்டும் வேண்டும் என்றாள். நான் உள்ளே ஆர்டர் புத்தகத்தை எடுக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நீங்கள் அவளிடம், அந்தப் பெயரைப் போட முடியாது, இது அது இல்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்திருந்தீர்கள். அப்படியானால் இது என்ன என்று அவள் கேட்டாள். தெரியாது என்றீர்கள். அவள் நல்லவள். சிரித்துக்கொண்டே கை கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். புழுதி அடங்கும்வரை நான் அந்தப் புத்தகத்தோடு நின்றேன். அந்த ஆர்டர் கிடைத்திருந்தால் அண்ணன் தம்பி இரண்டு பேரில் ஒருவராவது வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்திருக்கலாம். அது உங்களுக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் குழாயடியில் கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம். நீங்களாகவே கிரனோபிள் கதையைச் சொன்னீர்கள். அத்தான் காலையில் போனால் இருட்டியபின்தான் வருவாராம். மொழி தெரியாது, பேச ஆள் கிடையாது. உங்கள் மகள் நித்யா அப்போது கைக்குழந்தை. பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் உங்களைக் காரில் ஏற்றி ஆற்றோரமாகத் தெற்கே அழைத்துப் போனாளாம். மலைமேல் ஒரு வீட்டில் கிழவனும் கிழவியும் வெள்ளை ஒயின் ஊற்றிக் கொடுத்தார்களாம். பயந்து பயந்து ஒரு வாய் குடித்தீர்களாம். தேன், பழுத்த பேரிக்காய், மழையில் நனைந்த கல்.

"அந்தக் கிழவி நேரா என்னைப் பாத்து எப்படி இருக்குன்னு கேட்டாத்தா. நான் தமிழ்லயே சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கிட்டா."

அவ்வளவுதான் சொன்னீர்கள். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தோன்றியது.

பிறகு ஊரெல்லாம் மெர்லோ என்ற கறுப்புத் திராட்சை ஒயின் மேல் பைத்தியம் வந்தது. மெர்லோ என்று எழுதியிருந்தால் தண்ணீரைக்கூட வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். வடக்குச் சரிவின் கொடிகளை அடிமரத்துக்கு மேலே அறுத்துவிட்டு அதில் மெர்லோவை ஒட்டுக்கட்டிவிடலாம், அடுத்த வசந்தத்தில் ஆள் வரும் என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எது என்றே தெரியாத கொடி, தொலைந்தது சனியன் என்று விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூடாது என்றீர்கள்.

"அக்கா, அது இல்லன்னு சொல்றது நீங்கதான? அப்பறம் வெட்டுனா உங்களுக்கு என்ன?"

"யாருன்னு தெரியாம எப்படித்தா வெட்டுறது?"

கொடியைப் போய் யாரு என்று கேட்கிறவரிடம் என்ன பேசுவது? என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அத்தான் ரசஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒட்டுக்கட்டும் ஆளை வரவேண்டாம் என்று நான்தான் போன் பண்ணிச் சொல்லவேண்டியிருந்தது. அந்த வருடம் அறுவடை முடியும்வரை வேலை விஷயம் தவிர உங்களோடு நான் எதுவும் பேசவில்லை. நீங்கள் அதைக் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. அது இன்னும் கடுப்பாக இருந்தது.

வேறொரு தோட்டத்தில் இதே ரகம் என்று நம்பி வளர்த்த கொடி வேறொன்றாக இருந்ததாம், பல்கலைக்கழகத்தில் இலையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்களாம் என்று கொஞ்ச காலம் கழித்து ஒரு பேச்சு வந்தது. அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. உடனே சோதனைக்கு அனுப்புங்கள், பிரச்சினை தீரட்டும் என்றேன். தளிர் வரட்டும், சாந்தமான நாளாகப் பார்த்துப் பறிக்க வேண்டும், இந்த வருடம் மழை கெடுத்துவிட்டது என்று என்னென்னவோ சொல்லித் தள்ளிப்போட்டீர்கள். ஒரு வழியாக இந்த வருட வசந்தத்தில் தளிர் இலைகளைப் பறித்து, ஐஸ் வைத்துக் கட்டி அனுப்பினீர்கள்.

பதில் வருமுன் போய்விட்டீர்கள். காலையில் அடுப்படியில் நின்றவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உங்களுக்கு நினைவு இல்லை. நகக்கண்ணில் கந்தகப்பொடி மஞ்சளாக இருந்தது. முந்தின நாள் கொடிகளுக்குத் தூவியிருக்கிறீர்கள்.

ஜூன் மாதம் ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது. உங்களைக் கேட்டார்கள். நீங்கள் இல்லை என்று சொல்லி, என்னிடம் சொல்லலாம் என்றேன். அந்தப் பையன் மரியாதையாக வருத்தம் தெரிவித்துவிட்டுச் சொன்னான். ரூசான்தான். சந்தேகமே இல்லை.

ஆறு வருடமாக நான் சொன்னதுதான். நாற்றுப்பண்ணைக்காரன் சொன்னதுதான், உங்கள் ஆசிரியர் சொன்னதுதான். ஆனால் என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? இலைப் பையை மாற்றிப் போட்டிருப்பீர்கள், சரியாகப் பாருங்கள் என்று அவனிடம் சண்டை பிடித்தேன். கீழ் வரிசையிலிருந்து நானே இலை பறித்து மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில் வந்தது.

அத்தானிடம் சொன்னேன். "இத அவகிட்ட யாரு சொல்றது?" என்றார். நித்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா இருந்திருந்தால் ஆய்வுக்கூடத்துக்கே நேரில் போயிருப்பாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

என் வீட்டுக்காரர் நீங்கள் சொன்ன அந்த ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்த ரூசான் புட்டி ஒன்றைத் தேடி வாங்கிவந்தார். ஒயின் விற்கிறவள் ஒயினை வாயில் வைக்காதது மிட்டாய்க்கடைக்காரனுக்குச் சர்க்கரை வியாதி வந்த மாதிரி என்று என்னைக் கேலி செய்வீர்களே, அந்த நான் அன்று வாயில் வைத்தேன். அதில் ஒரு வாய், நம்முடையதில் ஒரு வாய். அது கனமாக, தேன் மாதிரி இருந்தது. நம்முடையது மெலிசாக, எலுமிச்சைத் தோல் கசப்போடு, பச்சைப் பேரிக்காயாக இருந்தது. ஒட்டவே இல்லை. ஒரே கொடிதான், மலைதான் வேறு. இது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை அக்கா. நம் சிராகூட அந்த ஊர் சிரா மாதிரி இல்லை. அதற்கு நீங்கள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இந்த ஒரு வெள்ளையிடம் மட்டும் ஏன் அந்த ஊர் ருசியே வேண்டும் என்றீர்கள்? கேட்டால் பதில் சொல்லியிருப்பீர்களோ என்னவோ. கேட்கத் தோன்றியபோது நீங்கள் இல்லை.

இந்த வருடம் லேபிளில் பெயர் போடுகிறோம். நான்தான் போடச் சொன்னேன். சான்பிரான்சிஸ்கோப் பெண்ணுக்கு போன் பண்ணினேன். அவள் அந்த ரெஸ்டாரண்டை விட்டுப் போய் வெகுநாளாயிற்றாம். புதிதாக வந்தவன் அனுப்பிவையுங்கள், பார்க்கலாம் என்றான். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா?

போன வாரம் அண்ணனும் தம்பியும் மறுபடி மெர்லோப் பேச்சை எடுத்தார்கள். கூடாது என்றேன். ஏன் என்றார்கள். யாரென்று தெரியாது என்று சொல்லவும் வழியில்லை, தெரிந்துவிட்டதே. காரணம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப்பின் கொடி வரிசைகளுக்கு நடுவே நடக்கும்போதெல்லாம் சண்டைதான். விற்காததை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று நான் கேட்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்களோ அதையும் நானே சொல்கிறேன். உங்கள் பக்கம் பேச உங்களைத் தவிர யாரும் இருந்ததில்லை. அதனால் இரண்டு பக்கமும் நானே பேசவேண்டியிருக்கிறது. அதிலும் பெரும்பாலும் நான்தான் தோற்கிறேன்.

உங்கள்,
ஜெயந்தி