ஆலாக் குருவிகளுக்காக அடைத்த படல்

மேடம் (சித்திரை) 4, கொல்லம் 1097

கோர்ட்டு விடுமுறை. அண்ணன் பாறசாலையிலிருந்து வக்கீல் நண்பர்களோடு வந்திருந்தார். கூடவே அவருடைய இரண்டு வேட்டை நாய்கள்.

எங்கள் தென்னந்தோப்பைத் தாண்டினால் ஆறு கடலில் சேரும் பொழிமணல். இந்த மாதங்களில் ஆலாக் குருவிகள் அங்கே முட்டையிடும். கூடு கிடையாது, மணலில் சின்னக் குழி, அவ்வளவுதான். அண்ணன் நாய்களை அவிழ்த்துவிட்டுச் சீட்டாட உட்கார்ந்துவிட்டார். கத்தல் கேட்டு நான் ஓடிப் போவதற்குள் கறுப்பு நாய் ஒரு பறவையைக் கவ்விக்கொண்டு வந்தது. அதற்கு இன்னும் உயிர் இருந்தது.

"அண்ணா, நாயப் பிடியுங்க!"

"அது அதுக்க குணமாக்கும் நீலா. நாயிட்ட போய் நியாயம் பேசுவியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாயிடம் யார் பேசினார்கள்?

மேடம் 5

மீன் கொண்டுவந்த ரத்னபாயோடு மணலுக்குப் போனேன். அண்ணனின் நண்பர்கள் சாப்பிட்ட எச்சில் இலைகள் வீசின இடத்திலேயே கிடந்தன. அவற்றைத் தேடி வந்த காக்கைகள் முட்டைகளையும் விட்டுவைக்கவில்லை.

"நாய் நாசமாக்கினது பாதி, காக்கா தின்னது பாதி," என்றாள். "வடக்க இன்னும் கொறே முட்டை உண்டு அம்மே. அவ்வோ நாயோட நாளைக்கும் வந்தா அதும் போச்சு."

மணலுக்கு வண்டி வர இந்தத் தோப்பு ஒன்றுதான் வழி. தோப்போ அப்பா எனக்குச் சீதனமாகத் தந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை அடைத்துவிடப் போகிறேன்.

இவர், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் பேச்சே குறைவு. "அண்ணன் வந்தா என்ன சொல்லுகது?" என்று கேட்டார்.

"நான் சொல்லுவேன். நீங்க உள்ள இரியுங்க."

இருந்துகொண்டார்.

மேடம் 6

தாழைமுள் வெட்டித் தோப்பு வாசல் படலில் கட்டினேன். கையெல்லாம் கீறல். சோறு பிசைய முடியவில்லை.

மேடம் 11

அண்ணன் நாய்களோடு வந்தார். மோட்டார் வண்டி நிறைய ஆட்கள். படலைத் தட்டினார். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"நீங்க வாங்க அண்ணா. காப்பி குடியுங்க. நாய் உள்ள வராது."

"அப்பா வச்ச தென்னையாக்கும் இது!"

"எனக்குத் தந்ததாக்கும்."

"நாலுபேர் முன்ன என்னைய நாணங்கெடுத்துகியா?"

"நாலுபேர் முன்ன தானே அண்ணைக்குச் சிரிச்சிய?"

வண்டியைத் திருப்பச் சொன்னார். இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று வண்டியில் இருந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். மிதிக்கவேண்டாம்! மிதித்ததெல்லாம் போதும்.

மேடம் 15

அண்ணனின் நண்பர்கள் மணலுக்குத் தண்ணீர் வழியாகப் போகலாமென்று ரத்னபாயின் புருஷன் எலியாவிடம் வள்ளம் கேட்டார்களாம். "ஆளு ஏறட்டும், நாய ஏத்தமாட்டேன்," என்றிருக்கிறான். கூலியைக் கூட்டிக் கேட்டும் அசையவில்லை. மற்ற வள்ளக்காரர்களும் அவனைப் பார்த்துவிட்டுத் துடுப்பைக் கீழே வைத்துவிட்டார்களாம்.

நான் தனியாக இல்லை.

இடவம் (வைகாசி) 2

குஞ்சுகள்! மணல் நிறத்தில், மணலே எழுந்து ஓடுவதுபோல.

இடவம் 5

அண்ணன் மகள் சண்முகவடிவுக்குக் கல்யாணம். ஊர் முழுக்க வெற்றிலை வைத்து அழைத்தாயிற்று. எனக்கு இல்லை.

அந்தப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டவள் நான். ஒரு பறவைக்காகவா? எனக்கே கேட்கத் தோன்றுகிறது. இருந்து அழுதேன். எதுக்கு அழணும்? நான் என்ன தப்பு செய்தேன்? படலத் திறக்கமாட்டேன். கல்யாணத்துக்கும் போவேன். எனக்க மருமவளாக்கும் அவ, என்னைய யாரு கூப்பிடணும்?

இடவம் 12

நாளை முகூர்த்தம். இவர் வரவில்லை என்கிறார். "படலுக்கு ஆள் வேண்டாமா?" அழைக்காத வீட்டுக்கு வர வெட்கம், அதற்கு ஒரு சாக்கு. நான் வற்புறுத்தவில்லை.

இடவம் 13

போனேன். பந்தலில் பேச்சு நின்றது. மதினி சொர்ணம்மாள்தான் ஓடிவந்து கையைப் பிடித்துப் பெண்ணிடம் கூட்டிப்போனாள். பிள்ளை என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்க்கவேயில்லை. பந்தியில் மட்டும், எனக்கு நேரே வந்தபோது பரிமாறுகிறவனிடம், "இஞ்ச இன்னும் கொஞ்சம் பாயசம் விடு," என்றார். குடித்தேன். அதற்காகப் படல் திறக்காது.

பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தேன். தோப்பு வாசலில் மோட்டார் வந்துபோன தடம். பந்தியில் அண்ணனின் நண்பர்களைக் காணாதது அப்போதுதான் உறைத்தது. விருந்து முடியுமுன்னே நாய்களை ஏற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறார்கள்.

படல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. அந்த இடைவெளியில் இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. இத்தனை வருஷத்தில் இவர் கத்தி நான் கேட்டதில்லை. வேட்டி முழங்காலிலிருந்து கீழே நாராகக் கிழிந்திருந்தது.

"கடிச்சிட்டா?"

"வேட்டியத்தான்," என்றார் கரகரத்த குரலில். "ஒண்ணையும் உள்ள விடேல்ல."