ஷூவுக்குச் சட்டை

டிசம்பர் 28, ஞாயிறு

தாராவியில் ஃபேன் ஓடுகிறது. கசாரா மலைப்பாதையில் இன்று காலை மூச்சு விட்டால் புகை. ஒரே நாள், ஒரே உடம்பு.

விழுந்துவிட்டேன். இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாளைக்கு விட்டால் எனக்குச் சாதகமாகத் திருத்திவிடுவேன்.

ஏற்றம் ஜோர். இகத்புரி வரை ஒருவருக்கும் சளைக்கவில்லை. சாக்ஸ் வியர்வையில் தொப்பல். திரும்பி இறங்கும்போதுதான் வினை. சைக்கிள் ஷூவின் முன்பக்கம் முழுக்க வலை. பம்பாய் புழுக்கத்துக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கியது. காற்று நேராக உள்ளே. முதலில் விரல்கள் வலித்தன. பிறகு வலி நின்றது. நின்றதே என்று சந்தோஷம் வேறு, கூறுகெட்டவள்.

கீழே டீக்கடை முன்னால் மொத்த சைக்கிள் குரூப்பும். ஷூவின் அடியில் இருக்கும் கொக்கி பெடலில் மாட்டியிருக்கும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். திருப்பினேன் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. சைக்கிளோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தேன், எல்லார் கண் முன்னாலும். முட்டியில் சிராய்ப்பு.

ஷூவைக் கழற்றிப் பார்த்தால் விரல்கள் மெழுகு. நகத்தை அழுத்தி விட்டால் சட்டென்று சிவப்பு திரும்ப வேண்டும். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது என் பிழைப்பு, இதுகூடத் தெரியாதா. திரும்பவே இல்லை. பயந்துதான் போனேன்.

தாவ்டே, குரூப் கேப்டன், செம்பூர்க்காரர், சைக்கிளே ஒரு கார் விலை. "மேடம், டெம்போ மே பைட் ஜாவ்." ஏறி உட்காரச் சொன்னார். பின்னால் வரும் டெம்போவில் தண்ணீர் கேன், பஞ்சரான சைக்கிள், நான்.

சாயங்காலம் குரூப்பில் அறிவிப்பு: ஜனவரி 11 மறுபடியும் கசாரா. சரியான குளிர் சாமான் உள்ளவர்கள் மட்டும். கனகா மேடம் ஏரிக்கரை ரைடுக்கு வரலாம். எல்லாருக்கும் பொதுவான விதி, என் பெயர் மட்டும் எழுத்தில்.

வீட்டுக்காரர் செல்வத்திடம் புலம்பினேன். சிரிக்கிறார். "பம்பாய்ல குளுரு, கால் வெறச்சுப் போச்சுன்னு ஊர்ல போய்ச் சொல்லு. கட்டி வச்சு மந்திரிப்பாங்க."

போகிறேன். பதினொன்றாம் தேதி போகிறேன்.

டிசம்பர் 29, திங்கள்

ஆண்டாப் ஹில்லில் ஒரு வீடு, வடாலாவில் இரண்டு. எல்லாம் வெறும் வயிற்று ரத்தம். வடாலாக் கிழவருக்கு நரம்பு கிடைக்கவில்லை, மறுபடி குத்த வேண்டியிருந்தது. திட்டினார். நியாயம்.

இடையில் போனில் தேடல். இதற்குப் பெயர் ஓவர்ஷூ. ஷூவுக்கு மேலே மாட்டுவது, காற்றும் ஈரமும் தடுக்க. தாவ்டே ஒரு லிங்க் அனுப்பினார், வெளிநாட்டுச் சரக்கு. விலையைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். என் ஷூவே அதில் பாதி விலைதான். மலிவாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, மலிவாக வாங்குகிறவர் இரண்டு முறை வாங்குவார் என்று பதில், பக்கத்தில் கும்பிடு பொம்மை. அவர் வீட்டில் இதே ஓவர்ஷூ மூன்று ஜோடி.

என்ன வேண்டும் எனக்கு?
– காற்று உள்ளே வரக் கூடாது
– வியர்வை உள்ளேயே குளமாகக் கூடாது
– அடியில் கொக்கிக்கு ஓர் ஓட்டை, குதிகாலுக்கு ஓர் ஓட்டை
– பெடல் கம்பியில் உரசக் கூடாது
– தாவ்டே வாயை மூட வேண்டும். (இது முக்கியமில்லை. பொய். முக்கியம்.)

கோதுமை மாவு தீர்ந்துவிட்டது. நாளைக்கு அரைக்க.

டிசம்பர் 31, புதன்

தாதர் நடைபாதையில் மழைக்கு மாட்டும் பிளாஸ்டிக் ஷூ கவர். மழைக்காலம் போனதால் கொடுத்தால் போதும் என்று தள்ளிவிட்டான். அடியில் பிளேடால் ஓட்டை போட்டு, மாட்டிக்கொண்டே காலை ரவுண்டு.

சுனாபட்டி தாண்டுவதற்குள் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. நாய்கள் துரத்தின. ஒரு நாய் அல்ல, ஒரு குடும்பம்.

மாட்டுங்காவில் சர்க்கரை பார்க்கும் மாமி கதவைத் திறந்ததும் என் காலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏண்டிம்மா, வெளியில மழையா பெய்யறது?" இல்லை மாமி, குளிருக்கு என்றேன். "நன்னாயிருக்கு போ. நான் ஃபேனை அஞ்சுல வெச்சுண்டு உக்காந்திருக்கேன்."

கழற்றினால் உள்ளே வியர்வை சொட்டுகிறது. கொக்கி ஓட்டையிலிருந்து குதிகால் வரை கிழிசல். குப்பையில்.

வருடக் கடைசி. தெருவில் கேக் கொடுத்தார்கள். முட்டை வாசனை.

ஜனவரி 3, சனி

புது யோசனை. ஷூவுக்கு மேல் கனத்த சாக்ஸ், அடியில் ஓட்டை. செலவே இல்லை.

ஆனால் குளிருக்குத் தாங்குமா என்று பம்பாயில் எப்படிப் பார்ப்பது? யோசித்து யோசித்து வேலைப் பெட்டி ஞாபகம் வந்தது. எடுத்த ரத்தம் கெடாமல் இருக்க வைக்கும் ஐஸ் பேக். பழையது, லேபில் கழித்தது, நாலைந்து வீட்டில் கிடக்கிறது. ஃப்ரீசரில் போட்டு, எடுத்து டேபிள் ஃபேன் முன்னால் அடுக்கி, ஈர சாக்ஸ், அதற்கு மேல் ஷூ, அதற்கு மேல் இன்னொரு சாக்ஸ். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஃபேனுக்கு நீட்டினேன்.

செல்வம் பட்டறையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏட்டி, என்ன பண்ணுத?"

"கசாரா இறங்குதேன்."

"கோட்டி பிடிச்சிட்டு." சொல்லிவிட்டுச் சோறு போட்டுக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டே, "ஃபேன இன்னுங் கொஞ்சம் தாழ வையி, காத்து மேல போவுது" என்றார்.

முடிவு: சாக்ஸ் தேறாது. காற்று நூல் நூலாக உள்ளே வருகிறது. பெருவிரல் நகம் வெள்ளை.

குழாயடியில் பேச்சியம்மாள், என் காதில் விழ வேண்டுமென்றே: "பொம்பள அரக்கால் சட்டையப் போட்டுகிட்டு மலைமேல சைக்கிள்ல போறா, அவன் மாவு அரைக்கப் போறான்." ஆமாம், போகிறார். நன்றாகவே அரைத்து வருகிறார்.

ஜனவரி 5, திங்கள்

செ.வின் பட்டறைக்கு மதியச் சாப்பாடு கொண்டு போனேன். பை தைக்கும் பட்டறை. இப்போது லேப்டாப் உறை ஆர்டர். கறுப்பாக, ஸ்பாஞ்சு மாதிரி அமுங்குகிற துணி, இழுத்தால் வருகிறது, விட்டால் பழையபடி ஆகிறது. தையல் கோணியதால் ஒதுக்கிப் போட்ட உறை ஒன்று மூலையில். ஒன்றும் சொல்லாமல் எடுத்து பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் ஐஸ், ஃபேன். காலை உறைக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஐஸ் கரைந்தது. விரல் விறைக்கவில்லை! நகத்தை அழுத்தி விட்டால் சட்டென்று சிவப்பு.

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டேன். செ. இழுத்தார். "அது பார்ட்டி மால் ட்டி, ஆர்டர் குடுத்தவன் சரக்கு. ஒரு தாளு துணி கொறஞ்சாலும் கேப்பான்."

"கட்பீஸ் கெடக்குல்லா?"

"கெடக்கு. அதுக்கு? ஷூவுக்குச் சட்ட தச்சுத் தரணுமா ஒனக்கு? பட்டறையில பயலுவ சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும். தைக்கீயளா, நானே கையால தச்சுக்கிடவா?"

என் கைத்தையல் அவருக்குத் தெரியும். பிறகு எழுந்து போய் என் ஷூவை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேப்பர் கேட்டார்.

ஜனவரி 7, புதன்

வந்துவிட்டது!

என்ன ஒரு தையல். பக்கவாட்டில் ஜிப், அடியில் ஓட்டைகளைச் சுற்றிப் பட்டி. உள்ளே வழவழவென்று சிவப்பு உள்துணி, மஞ்சள் பூப் போட்டது, போன மாதம் பெண்கள் பைக்கு வாங்கியதில் மிச்சம். மேலே மாட்டித் தொங்கவிட ஒரு காது.

உள்துணி எதற்கு என்று கேட்டேன். முறைத்தார். "உள்துணி இல்லாம ஒரு உருப்படி என் பட்டறைய விட்டு வெளிய போயிருக்கா?" காது எதற்கு? "ஆணியில மாட்ட வேண்டாமா?"

வலது காலில் மாட்டினேன். தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. இடதையும் மாட்டி, வீட்டுக்குள்ளேயே அங்கும் இங்கும் நடந்தேன். செ. முகத்தில் பெருமை தாங்கவில்லை. முத்தம் கொடுத்தேன். மீன் குழம்பு வாசனை.

ஜனவரி 8, வியாழன்

எல்லாம் நாசம்.

காலை ரவுண்டுக்கு மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெடல் ஒரு சுற்று, கர்ர். அடுத்த சுற்று, கர்ர். இறங்கிப் பார்த்தால் இடது காலில் ஜிப் உள்பக்கம். பெடல் கம்பியில் நேராக உரசுகிறது. ஜிப் பல் இரண்டு நசுங்கிவிட்டது.

வலதில் ஜிப் வெளிப்பக்கம், இடதில் உள்பக்கம். எப்படி? இரண்டும் அச்சு அசலாக ஒன்றே! வலது காலுக்கு இரண்டு!

பட்டறைக்குப் போய் அவர் மேசையில் போட்டேன். கையில் எடுத்து இரண்டையும் அடுக்கிப் பார்த்தார். ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது. முகம் செத்துவிட்டது. துணியை எல்லாம் ஒரே முகம் மேலே பார்க்க அடுக்கி ஒரே வெட்டு, அதுதான் அவர்கள் கைப்பழக்கம். எத்தனை வருஷமாகப் பை தைக்கிறார், ஒரு பைக்காவது இடது வலது இருந்ததா?

"வேற ஒண்ணு வெட்டுங்க."

"கட்பீஸ் தீந்துட்டு. ரெண்டுக்குத்தான் இருந்துச்சு."

"முழுத் தாள்ல வெட்டுங்க."

"பார்ட்டி மால்ல கைய வைக்கமாட்டேன் கனகா. அத மட்டும் கேக்காத." இதில் அவர் அசைய மாட்டார். அசைந்தால் எனக்கே பிடிக்காது, அதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது. "அடுத்த குளுருக்குள்ள நல்லதா ஒண்ணு..."

அடுத்த குளிரா? இந்த முறை ஏரிக்கரைக்குப் போனால், அப்புறம் நான் ஏரிக்கரை மேடம்தான், ஆயுசுக்கும். குரூப்பில் யார் யாரை எந்த வரிசையில் வைத்தார்களோ அதோடு சரி. கத்தினேன். தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை மாட்டிப் பார்த்தேன், அதே கதை, இடதைக் கழற்றி எறியப் போனேன். ஆத்திரத்தில் வாயைப் பிடித்து இழுத்த இழுப்பில் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரண்டு கையோடு வந்தது. சிவப்பு, மஞ்சள் பூ. எறியக் கையை ஓங்கி, நின்றேன்.

ஜிப் இந்தப் பக்கம் வந்துவிட்டது. புரட்டினால் அது இடது கால்!

செ.வுக்குப் போன். "ஜிப்பு ரன்னர் உள்ள போயிட்டு. பிரிச்சு வெளிய மாத்தித் தாங்க. பல்லு நசுங்கியிருக்கு, ஜிப்பையும் மாத்துங்க."

"பூவா வெளிய தெரியுமே ட்டி?"

"தெரியட்டும்."

ஜனவரி 10, சனி

நாளைக்கு விடியுமுன் டெம்போ. சாமான் எடுத்து வைக்க: பம்பு, டியூப், வேர்க்கடலை மிட்டாய், பேண்ட் எய்ட், சில்லறை.

செ. ராத்திரி வந்தபோது கையில் கறுப்புச் சாயப் புட்டி. "பூவு மேல லேசா அடிச்சுட்டா தெரியாது. ஆம்பளைங்க மத்தியில போற, கேலி பண்ணுவானுவ." வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். நல்ல மனசோடுதான் கொண்டுவந்தார், தெரியும். ஆனால் நான் ஒன்றும் திருடிக்கொண்டு போகவில்லையே, மூடி மறைக்க.

வருகிறவர்கள் குளிர் சாமானைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டுமாம். போட்டேன். வலது கறுப்பு, இடது சிவப்பில் மஞ்சள் பூ. பிறகு தாவ்டே.

"யே க்யா ஹை, மேடம்?"

"ஓவர்ஷூ."

"கௌன்சா பிராண்ட்?"

"செல்வம்."

சிரிப்பு பொம்மைகள் வரிசையாக. கடைசியில் தாவ்டே: உங்கள் பொறுப்பில் வாருங்கள், டெம்போ உங்கள் பின்னாலேயே வரும். வரட்டும். பெட்ரோல் அவர் செலவு.

ஜனவரி 11, ஞாயிறு

போனேன், வந்தேன். இடுப்பு விட்டுப்போய் எழுதுகிறேன்.

கசாராவில் போன தடவையைவிடப் பனி. டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்து, "தாயி, ஏக் பாய் லக்னாலா சால்லா கா?" என்றார். ஒரு கால் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறதா என்று. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஏற்றத்தில் கால் வெந்தது. சொல்ல வேண்டும், உள்ளே வியர்வைதான். இகத்புரியில் நிறுத்தாமல் திரும்பினேன், நின்று வியர்வை ஆறினால் குளிரும் என்று. இறக்கம். காற்று முகத்தைக் கிழிக்கிறது, கண்ணில் தண்ணீர், கைவிரல்கள் பிரேக்கில் மரத்துவிட்டன. பின்னால் டெம்போ, விளக்குப் போட்டுக்கொண்டு. வளைவுக்கு வளைவு ஷூவுக்குள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. இடதில் தையல் ஓரம் உள்பக்கம் திரும்பியதால் சுண்டுவிரலை நெரித்தது. வலித்தது, நன்றாக வலித்தது. இவ்வளவு ஆசையாக எந்த வலியையும் நான் வைத்துக்கொண்டதில்லை.

கீழே வந்ததும் குதிகாலைத் திருப்பினேன். டக். இடது கால் தரையில். டக். வலது கால். நின்றேன். என் காலில் நான்.

டெம்போக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். அழுகை வந்தது, காற்றால் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு குரூப் போட்டோ. தாவ்டே நிற்கவைத்துக்கொண்டிருந்தார். உயரமானவர்கள் பின்னால், புது ஜெர்சிக்காரர்கள் முன்னால். என்னைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "மேடம், ஆப் ஸரா பீச்சே. பைர் நஹீ திக்னே சாஹியே."

பின்னால் போக வேண்டுமாம், கால் தெரியக் கூடாதாம்.

சரி என்று தலையாட்டி, முன்வரிசைக்கும் முன்னால் போய்த் தார் ரோட்டில் உட்கார்ந்தேன். இரண்டு காலையும் கேமராவுக்கு நேராக நீட்டினேன். தாவ்டே ஏதோ சொன்னார். எடுக்கிற வரைக்கும் மடக்கவில்லை.