வாலுவின் கையில் இருந்த புத்தகம்

அக்கா,

நூலகச் சுவர் இடிந்து விழுந்து வாலு இறந்தபோது அவள் கையில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. "புத்தகத்தையே தொடாதவ, கடைசியில படிக்க ஆரம்பிச்சிருக்கா பாரேன்" என்று அவள் அம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்கிறார்.

அது நான் எடுத்த புத்தகம். அன்றுதான் திருப்பித் தர வேண்டிய கடைசி நாள். நான் வேறொரு கதையின் நடுவில் இருந்ததால், "நீ போய்க் கொடுத்துட்டு வாயேன்" என்றேன்.

"படிக்கிறது நீ, சுமக்கிறது நானா?" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா நம் வீட்டுக்கு வருகிறார். நான் அவளுடைய சிநேகிதி என்பதால் அந்தப் புத்தகத்தை எனக்கே தரப்போகிறாராம்.

சொல்லிவிடப் போகிறேன். சனிக்கிழமையே வந்துவிடு. அவர் எழுந்து போன பிறகு என் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.

உன் தங்கை