கடிதத்தின் தலையில் ஒரு எண்

42
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ சொன்னபடி நாள் கணக்கை மேலே போட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு நாளாக ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. லிஃப்ட் கதவுகளின் சாவியை மறுபடி கையில் கொடுத்தபோது எங்கள் லிஃப்ட் கம்பெனி முதலாளி, "உன்னை நம்பிக் குடுக்கலப்பா, உங்க அக்கா எழுத்த நம்பிக் குடுக்கறேன்" என்றார். ஆஸ்பத்திரியில் மூன்று லிஃப்டும் என் பொறுப்பு. வாரம் தவறாமல் அவருக்கு எழுதிவிடு. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 11

என் அன்புத் தம்பிக்கு,

கடவுள் உன்னைக் காக்கட்டும். உன் நாற்பத்திரண்டைக் காலண்டரோடு ஒத்துப் பார்த்து நோட்டில் குறித்தேன். "என் தம்பி இந்த வாரமும் குடிக்கவில்லை, கடவுள் சாட்சி" என்று முதலாளிக்கும் எழுதிவிட்டேன். "உன் மெக்கானிக் தம்பிக்கு நீ டீச்சரா, போலீஸா?" என்று அத்தான் கேலி செய்கிறார். இரண்டும்தான் என்றேன். என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்கிறாயே, அதுதான் எனக்குக் குறை.

அக்கா

50
மார்ச் 15

அக்கா,

எல்லாம் நன்றாக இருக்கிறது. மிக நன்றாக இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். கவலைப்படாதே. முதலாளிக்கு எழுத மறந்துவிடாதே.

தம்பி

மார்ச் 18

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து ஏன் இப்படிச் சரிந்து போகிறது? உட்கார்ந்துதானே எழுதினாய்? முதலாளிக்கு எழுதிவிட்டேன். உனக்காக இரண்டு வேளையும் பிரார்த்தனை செய்கிறேன். வேறொன்றும் கேட்கவில்லை. சீக்கிரம் எழுது.

அக்கா

மார்ச் 26

தம்பிக்கு,

இந்த வாரம் உன் கடிதம் வரவில்லை. தபால்காரரை நிறுத்திப் பையைக் கொட்டச் சொல்லாத குறைதான். "நானா எழுதி எடுத்துட்டு வரணுமாம்மா?" என்று சலித்துக்கொண்டார். முதலாளிக்கு இந்த வாரமும் எழுதினேன். "கடவுள் சாட்சி" என்ற வரியில் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன். ஒரு வரி போடு, கண்ணா. எண் போடாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா

மார்ச் 29

அக்கா,

எண் வேண்டாம் என்றாயே, அதனால்தான் எழுத முடிகிறது. நாற்பத்து நாலாம் நாளே விழுந்துவிட்டேன். பிறகு தினமும்தான். ஐம்பது என்றது பொய்.

வியாழக்கிழமை நாலாவது மாடியில் லிஃப்ட் கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேன். சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆயாம்மா கதவை இழுத்திருக்கிறார். உள்ளே லிஃப்ட் இல்லை, கீழே வரைக்கும் இருட்டு. நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "ஏம்ப்பா, கதவு தொறக்குது, பெட்டி எங்கப்பா?" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் சிரித்து மழுப்பினேன்.

எங்கேயாவது போய்விடப் போகிறேன். நான் விழுவது இது எத்தனாவது தடவை என்று உன் நோட்டுக்குத் தெரியும். கடவுளுக்கே அலுத்துப் போயிருக்கும். முதலாளியிடம் சொல்லிவிடாதே.

தம்பி

ஏப்ரல் 1

தம்பிக்கு,

நானும் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாம் தேதி நாற்பத்திரண்டு. பதினைந்தாம் தேதி ஐம்பது. ஒரு வாரத்தில் எட்டு நாள் எப்படி வரும்? உன் கடிதத்தைப் பிரித்த நிமிஷமே பார்த்துவிட்டேன். பார்த்த பிறகும் இரண்டு வாரம் கடவுள் பெயரைச் சொல்லிப் பொய் எழுதினேன். உன் வேலை போய்விடுமே என்று பயம். அந்தக் கதவு திறந்து கிடந்ததில் என் கையும் உண்டு.

இன்று காலை பிரார்த்தனையில் வாயே திறக்கவில்லை, அழுகைதான் வந்தது. ஆனால் என்னை யாரும் துரத்தவில்லை, தம்பி. அலுப்பதெல்லாம் நமக்குத்தான். எத்தனாவது தடவை என்ற கணக்கு என் நோட்டில்தான் இருக்கிறது. கடவுளிடம் இருந்திருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

நான் எழுதியவை பொய் என்று முதலாளிக்கு எழுதி, இதோடு தபாலில் போடுகிறேன். அது போய்ச் சேருமுன் நீயே போய்ச் சொல். முதலில் சாவியைத் திருப்பிக் கொடு. ஓடிவிடாதே.

அக்கா

1
ஏப்ரல் 9

அக்கா,

மூன்றாம் தேதி போய்ச் சொன்னேன். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டு "வெளிய போடா" என்றார். வாசல் வரை போனதும், "எங்க போற? ஒர்க்‌ஷாப்ல பழைய கிரீஸ் தொடைக்க ஆளில்ல. தினம் காலைல என் மூஞ்சிக்கு நேரா ஊதிட்டு உள்ள போ. உங்க அக்கா கடுதாசி இனிமே வேணாம்" என்றார். ஆயாம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன். "அன்னைக்கு என்னமா சிரிச்ச!" என்றார். அவ்வளவுதான்.

ஐந்து நாள் ஒழுங்காக இருந்தேன். நேற்று மறுபடி விழுந்தேன். இன்று ஊதாமலே முதலாளியிடம் சொன்னேன். "இன்னைக்குச் சம்பளம் கெடையாது. நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் கடிதத்தில் ஏழு என்று போட்டிருக்கலாம். உன் காலண்டருக்கும் சரியாக ஒத்துவந்திருக்கும். ஒன்றுதான் போட்டிருக்கிறேன். மறுபடி கடவுள் முன்னால் போய் நிற்கலாமா, அக்கா? எந்த முகத்தோடு நிற்பது?

தம்பி

1
ஏப்ரல் 12

என் அன்புத் தம்பிக்கு,

மேலே இருப்பது என் எண். நேற்று பக்கத்து வீட்டம்மா, "தம்பி எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "எழுபத்தாறு நாளாச்சு, தொடவே இல்ல" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய்யிலும் கணக்கு தப்பவில்லை பார்! இன்று காலை போய், "நேத்து சொன்னது பொய்ம்மா" என்றேன். அத்தான் கேலிகூடச் செய்யவில்லை.

அடுத்த கடிதத்தில் நீ என்ன எண் எழுதுவாயோ, எனக்குத் தெரியாது. எதுவானாலும் உள்ளதை எழுது. ஒன்று என்றால் ஒன்று. பழைய நோட்டைப் பரண் மேல் போட்டுவிட்டேன்.

எந்த முகத்தோடு நிற்பது என்று கேட்டாய். பக்கத்து வீட்டிலிருந்து நேராகப் பிரார்த்தனைக்குத்தான் போனேன், இதே முகத்தோடு. எனக்கு இடம் இருந்தது. பக்கத்தில் இன்னொருவர் நிற்கவும் இடம் இருந்தது.

அக்கா