நான்காவது டோக்கன்

இன்று காலை கையெல்லாம் பித்தளை வாசனை. நம் டோக்கன்கள் நான்கையும் புளி போட்டுத் தேய்த்தேன். நீ இருந்திருந்தால், "வேலைய உட்டுட்டு இன்னாடி பாத்திரம் தேய்க்கிற?" என்று கேட்டிருப்பாய். கோபம் வந்தால் நான் எதையாவது தேய்ப்பேன் என்பது உனக்குத் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். நாம் இருவரும் எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்த புள்ளியியல் மென்பொருள் பேக்கேஜைப் பராமரிக்க இப்போது வெளியூர்க்காரர் சிலரும் கைகொடுக்கிறார்கள். அவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள். பழைய விண்டோஸைக் கைவிட்டால் இன்றே புதிய பதிப்பை வெளியிடலாமாம். ஒரே ஒரு கணினிக்காக இவ்வளவு பாடு எதற்காம்.

அந்த ஒரு கணினி, தங்கச் சுரங்கம் இருந்த மாரிகுப்பத்தின் மருத்துவ முகாமில் இருக்கிறது. மூச்சு ஊதிப் பார்க்கும் கருவி அதோடு மட்டுந்தான் வேலை செய்யும். ஊதுகிறவர்கள் சுரங்கத் தூசியை நுரையீரலில் சுமக்கும் பெரியவர்கள். எண்பது வயது தாண்டியவர்களுக்கான மூச்சளவுக் கணக்கை இந்தப் பதிப்பில்தான் திருத்தியிருக்கிறோம். அதை அவர்களுக்கே கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

டோக்கன் முறையைக் கொண்டுவந்தவள் நீ. சுரங்கத்தில் இறங்குகிறவர் டோக்கனை எடுத்துப்போவார், மேலே வந்ததும் பலகையில் மாட்டுவார். லினக்ஸ், மேக், புது விண்டோஸ், பழைய விண்டோஸ் என்று என் வீட்டுச் சுவரில் நான்கு கொக்கி அடித்தாய். புதிய பதிப்பை ஒவ்வொன்றிலும் சோதிக்கத் தொடங்கும்போது அதன் டோக்கனைக் கழற்ற வேண்டும், தேறினால் மாட்ட வேண்டும். "கொக்கி காலியா இருந்தா ஆளு இன்னும் கீழ இருக்காருடி" என்பாய்.

ஒருமுறை நான் ஏமாற்றினேன். பெங்களூர் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று, பழைய விண்டோஸில் ஓட்டிப் பார்க்காமலே நான்காவதை மாட்டிவிட்டு, பதிப்பை வெளியிட்டேன். மறுநாள் முகாமில் கணினி மக்கர் செய்தது. புது கம்பைலரில் உருவாக்கிய கோப்பை அது ஏற்கவில்லை. பெரியவர்கள் இருமிக்கொண்டே காத்திருந்தார்கள். நீ ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவர்களுடைய பெஞ்சில் உட்கார்ந்து, மதியத்துக்குள் சரிசெய்தாய்.

"ஆளு மேல வர்றதுக்கு முன்னாடியே டோக்கன மாட்டிட்டியே" என்றாய், அவ்வளவுதான். நன்றாகத் திட்டியிருக்கலாம். எனக்கு அன்று வந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

போன வருடம் நீ போய்விட்டாய். நீ ஏறும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் நிற்கும்போது இப்போதும் பக்கத்து இடத்தில் பையை வைத்துப் பிடித்துவைக்கிறேன். வேறு யாராவது உட்கார்ந்தால் எரிச்சலாக வருகிறது.

மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டேன். "மூன்று டோக்கன் வந்துவிட்டது. நான்காவது வரவில்லை. வெளியீடு கிடையாது. தனியே பிரிந்துபோய் வெளியிடுவதென்றால் தாராளமாகப் போங்கள்."

நான்காவது, சுரங்கத்தில் இறங்கிய உன் அப்பாவின் டோக்கன். அது என் கைப்பையில் இருக்கிறது, லேப்டாப்பும் இருக்கிறது. அந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்க மாரிகுப்பத்துக்கு ரயிலேறிவிட்டேன். நீ மேலே வரமாட்டாய், தெரியும். அந்தப் பெஞ்சில் இருப்பவர்களை மேலே கொண்டுவராமல் நான் வீடு திரும்பப் போவதில்லை.